தானே திருத்திக்கொள்ளும் குவிஸ்: தப்பான ஆப்ஷன்களில்தான் வேலை

தானாக மதிப்பெண் போடும் ஆன்லைன் குவிஸ் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், திருத்த வேண்டிய தாள்கள்தான். அடிக்கடி சின்னச் சின்னத் தேர்வு வைத்தால் பிள்ளைகளுக்கு நல்லது என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் வைத்த தேர்வைத் திருத்தி முடித்துக் கையில் கொடுப்பதற்குள் பாடம் அடுத்த அலகுக்குப் போயிருக்கும். பிள்ளைகளும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். எங்கே தப்பினோம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குவிஸ் செய்யும் நுட்பம் எளிது, ஒரு மாலை போதும். நான் பயன்படுத்துவது கூகுள் ஃபார்ம்ஸ். புதிய படிவம் ஒன்றைத் திறந்து, செட்டிங்ஸுக்குப் போய், அதைக் குவிஸாக மாற்றும் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ‘ஆன்சர் கீ’ என்ற இணைப்பு வந்துவிடும். சரியான விடையைத் தொட்டுக் காட்டி, எத்தனை மதிப்பெண் என்று போட்டால் முடிந்தது. பெயருக்கும் வரிசை எண்ணுக்கும் தனித்தனியாக ஒரு சிறுவிடைக் கேள்வி வைத்து, அவற்றுக்கு மதிப்பெண் எதுவும் போடாமல் விட்டுவிட வேண்டும். வரிசை எண்ணில் எண் மட்டுமே ஏற்கும்படி ஒரு கட்டுப்பாடு வைத்தால், பிற்பாடு கூகுள் ஷீட்டில் வரிசைப்படுத்தச் சுலபம். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்கும். மூடுல் என்ற கற்றல் மேலாண்மை மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிக வசதிகள் உண்டு, அதற்கேற்பக் கற்க வேண்டியதும் கூடுதல்.

இதுவரை சொன்னது பொத்தான் வேலை. அதை முடித்துவிட்டு முதல் கேள்வியை எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை எது என்று புரிந்தது. தாளில் விடை எழுதும் பிள்ளை, தப்பாக எழுதினாலும் தன் யோசனையின் தடத்தை அதில் விட்டுவைக்கும். அடித்தல் திருத்தல் இருக்கும், ஓரத்தில் கணக்குப் போட்டிருக்கும். குவிஸில் எனக்குக் கிடைப்பது ‘ஆ’ என்ற ஒரு சொடுக்கு மட்டும்தான். அந்தச் சொடுக்கு எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால், ‘ஆ’வை யார் தேர்ந்தெடுப்பார்கள், ஏன் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேள்வி எழுதும்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். 1/2 + 1/3 எவ்வளவு? சரியான விடை 5/6. மற்ற ஆப்ஷன்களுக்கு மனதில் தோன்றும் ஏதோ மூன்று பின்னங்களைப் போட்டுவிடலாம், மதிப்பெண் ஒழுங்காகத்தான் விழும். ஆனால் 2/5 என்று ஒரு ஆப்ஷன் இருந்தால், மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டும் பிள்ளைகள் அங்கே போய் நிற்பார்கள். 2/6 என்று இன்னொன்று இருந்தால், பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டு, தொகுதியை அதற்கேற்ப மாற்றாமல் அப்படியே கூட்டியவர்கள் தெரிவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. முதல் கூட்டத்துக்குப் பின்னம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு ஒரே ஒரு படிதான் பாக்கி. ‘ஏழு பேர் தப்பு’ என்று சொல்லும் குவிஸையும், ‘ஐந்து பேர் இங்கே, இரண்டு பேர் அங்கே’ என்று சொல்லும் குவிஸையும் ஒரே அளவு நேரத்தில் செய்துவிட முடியாது. இரண்டாவதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை நான் மனமாரக் கொடுக்கிறேன்.

தசம எண்களில் இது இன்னும் நுட்பமாக வரும். 0.5, 0.45, 0.125 இவற்றில் பெரியது எது என்று கேட்பது வழக்கம். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்களை முழு எண்ணாகவே படிக்கும் பிள்ளை 125தான் பெரியது என்று நினைத்து 0.125ஐத் தொடும். நமக்குத் தப்பு தெரிந்துவிடும். ஆனால் ‘இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது’ என்று தலைகீழாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. அவர்கள் 0.5ஐத் தொட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்! தப்பான யோசனை, சரியான விடை. எண்களை 0.4, 0.62, 0.375 என்று மாற்றினால் போதும். சரியான விடை 0.62. நீளமானது பெரியது என்று நினைப்பவர் 0.375க்கும், குட்டையானது பெரியது என்று நினைப்பவர் 0.4க்கும் போவார். மூன்று ஆப்ஷன், மூன்று விதமான யோசனை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் இதைத்தான் காட்டுகிறேன்.

அறிவியலிலும் இப்படியே. கோடைக்காலம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ‘பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்’ என்ற ஆப்ஷனைக் கட்டாயம் வைக்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், வடகோளத்தில் குளிர்காலம் நடக்கும்போது. கோடைக்கு உண்மையான காரணம் பூமியின் அச்சின் 23.5 பாகைச் சாய்வு. தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும் சுவாசிக்கும் என்ற தவறான நம்பிக்கையும் இப்படிப்பட்டதுதான். ஒவ்வொரு பாடத்திலும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். பாடம் நடத்தி அனுபவப்பட்ட ஆசிரியருக்கு அவை விரல் நுனியில் இருக்கும். அவற்றைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் போடுங்கள் என்பதுதான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது.

நான்கு ஆப்ஷன் வேண்டுமே என்று நான்காவதை வலிந்து தேடவும் தேவையில்லை. 2005ல் மைக்கேல் ராட்ரிகஸ் என்ற ஆய்வாளர் எண்பது ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலான கேள்விகளுக்கு மூன்று ஆப்ஷனே போதும் என்று காட்டினார். யாருமே தொடாத நான்காவது ஆப்ஷன் பிள்ளைகளின் படிக்கும் நேரத்தைத்தான் தின்னும்.

ஆப்ஷன்களை எழுதும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. சரியான விடை மட்டும் நீளமாகவும் விளக்கமாகவும் இருந்தால், பாடம் தெரியாத பிள்ளையும் அதைத்தான் தொடும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வரும் ஆப்ஷன் தப்பாகத்தான் இருக்கும் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. அப்புறம், ‘மேற்கண்ட அனைத்தும்’. காகிதத்தில் பழகிய கை தானாக எழுதிவிடும் ஆப்ஷன் அது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாமல் இருக்க ஆப்ஷன் வரிசையைக் குலைக்கும் வசதி ஃபார்ம்ஸில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ‘மேற்கண்ட அனைத்தும்’ சிலருக்கு முதல் இடத்தில் வந்து நிற்கும், அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது. ‘அ மற்றும் இ’ என்று எழுதினாலும் இதே கதைதான். இப்படிப்பட்ட ஆப்ஷன்களை அடியோடு விட்டுவிடுவது நல்லது.

சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் செக்பாக்ஸ் கேள்வியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஃபார்ம்ஸில் எல்லாவற்றையும் சரியாகத் தொட்டால்தான் மதிப்பெண். மூன்றில் இரண்டைச் சரியாகத் தொட்ட பிள்ளைக்கும் ஒன்றுமே தொடாத பிள்ளைக்கும் ஒரே பூஜ்யம். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் அப்படிப்பட்ட கேள்விகளைக் கட்டக் கேள்வியாக மாற்றிவிடுகிறேன். ஒவ்வொரு கூற்றும் ஒரு வரிசை, எதிரே ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டு நிரல். வரிசைக்கு வரிசை தனி மதிப்பெண் கொடுக்கலாம். மூடுலில் இந்தச் சுற்றுவழி தேவைப்படாது, பகுதி மதிப்பெண் அதிலேயே உண்டு.

சிறுவிடைக் கேள்விக்கு வருவோம். தமிழில் குவிஸ் வைப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் சரியா தப்பா என்று சொல்லும். இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் நிறமி எது என்று கேட்டால் பச்சையம் என்று ஒரு பிள்ளை எழுதும், குளோரோஃபில் என்று இன்னொன்று, குளோரோபில் என்று வேறொன்று. மூன்றையும் ஆன்சர் கீயில் சேர்த்துவைக்க வேண்டும். அது எளிது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள்தான் சிக்கல்.

“மிஸ், சரியாத்தானே எழுதியிருக்கேன், ஏன் தப்புன்னு காட்டுது?” என்று ஒரு மாணவி போனை நீட்டினாள். ஔவையார் என்பதுதான் விடை. திரையில் பார்த்தால் துல்லியமாக இருந்தது. எழுத்து எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் ‘ஔ’ என்ற உயிரெழுத்தைத் தட்டவில்லை. ‘ஒ’வைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் ‘ள’வைத் தட்டியிருக்கிறாள். நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். ஒகரக் குறிகளிலும் இது வரும். ‘ரோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரட்டைச் சுழியும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் பதிவாகலாம். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’வைத் தட்டும் பிள்ளைகளும் உண்டு. போதாததற்கு, விடையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு இடைவெளி, ஒரு முற்றுப்புள்ளி.

பாடம் தெரிந்த பிள்ளைக்கு ‘தப்பு’ என்று திரையில் வருவது சின்ன விஷயம் இல்லை. அடுத்த கேள்விகளில் தன் மீதே அதற்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அதனால் ஒரு சொல் விடைகளைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகளுக்கு நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை முக்கியமில்லாத இடம் என்றால், கேள்வியையே ஆப்ஷன் கேள்வியாக்கிவிடுகிறேன். பிள்ளை தானே நினைவிலிருந்து எழுத வேண்டும் என்றால், முடிவை உடனே வெளியிடாமல் நிறுத்திவைத்து, முதலில் நான் பார்க்கிறேன். விடைகள் பகுதியில் கேள்விவாரியாகப் பார்த்தால் ஒரே மாதிரி விடைகள் ஒன்றாகத் தொகுத்துக் காட்டப்படும். ஏற்கத்தக்கவற்றைச் சரி என்று குறித்துவிட்டுப் பிறகு வெளியிடலாம். எண் விடை என்றால் எந்த வடிவில் எழுத வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். ‘தசமமாக எழுதுக, அலகு வேண்டாம்’ என்று ஒரு வரி இருந்தால் 0.5, 1/2, 0.5 மீ என்ற குழப்பம் வராது.

முடிவை உடனே காட்டுவதா, பிறகு காட்டுவதா என்பதையும் குவிஸின் நோக்கத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யும் பயிற்சி என்றால் உடனே காட்டலாம், சூட்டோடு சூடாகத் திருத்திக்கொள்வார்கள். வீட்டில் அவரவர் நேரத்தில் செய்வது என்றால், முதலில் முடிப்பவர் பார்க்கும் சரியான விடைகள் அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் இருக்கும். அங்கே ‘தவறிய கேள்விகள்’ மட்டும் தெரியும்படி விட்டு, ‘சரியான விடைகள்’ என்பதை அணைத்துவிடுகிறேன். பிறகு வெளியிடும் முறையைத் தேர்ந்தெடுத்தால் மின்னஞ்சல் முகவரி கட்டாயமாகும். எல்லாப் பிள்ளைகளிடமும் முகவரி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவுச் சுருக்கத்தை விடை எழுதியவர்களுக்கும் காட்டும் வசதி ஒன்று உண்டு. அதைத் திறந்துவைக்க வேண்டாம், மற்றவர் எழுதியதை அதில் பார்க்க முடியும்.

இனி, பெரும்பாலோர் காலியாக விட்டுவிடும் ஒரு பெட்டியைப் பற்றி. ஆன்சர் கீக்குக் கீழே, தப்பான விடைக்கு ஒன்று, சரியான விடைக்கு ஒன்று என்று பின்னூட்டம் எழுத இடம் இருக்கும். ‘நன்று’, ‘மீண்டும் முயல்க’ என்று எழுதுவதில் பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 0.62 கேள்விக்கு நான் எழுதியது இது: ‘மூன்று எண்களையும் மூன்று தசம இடங்களுக்கு எழுதிப் பார்: 0.400, 0.620, 0.375. இப்போது எது பெரியது?’ விடையைச் சொல்லிவிடாமல், அடுத்து என்ன செய்து பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள், அது ஊகித்துத் தொட்டிருக்கலாம். பின்னூட்டத்தில் காணொளி இணைப்பும் வைக்கலாம். ஆனால் இரண்டு வரியில் சொல்ல முடிந்ததற்குப் பத்து நிமிடக் காணொளி எதற்கு?

ஃபார்ம்ஸில் எந்தத் தப்பைத் தொட்டாலும் ஒரே பின்னூட்டம்தான் வரும். மூடுலில் ஆப்ஷனுக்கு ஆப்ஷன் தனியாக எழுதலாம். இந்தக் குறையை ஈடுகட்ட ஃபார்ம்ஸிலேயே ஒரு வழி இருக்கிறது. படிவத்தைப் பகுதிகளாகப் பிரித்து, விடைக்கு ஏற்றபடி அடுத்த பகுதிக்கு அனுப்பும் வசதியைப் பயன்படுத்தலாம். 2/5ஐத் தொட்ட பிள்ளைக்குப் பாதி வட்டமும் மூன்றில் ஒரு பங்கு வட்டமும் வரைந்த படம் உள்ள பகுதி வரும். பாதியைவிட 2/5 சிறியது என்று அந்தப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும், கூட்டிய பிறகு எப்படிக் குறையும் என்ற கேள்வி அதற்கே எழும். அங்கிருந்து அதே மாதிரி இன்னொரு கேள்விக்குப் போகும். எல்லாக் கேள்விக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்தால் படிவம் சிக்கிக்கொண்ட நூல்கண்டாகிவிடும். பாடத்தின் மையமான ஒரு கேள்விக்கு மட்டும் செய்தால் போதும்.

தாள்கள் தானாகவே திருத்தப்பட வேண்டும் என்ற ஆசிரியர்களின் ஆசை பழையது. 1930களில் அமெரிக்காவின் மிச்சிகனில் அறிவியல் ஆசிரியராக இருந்த ரேனால்ட் ஜான்சன், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து, பென்சிலால் குறித்த விடைகளைத் தானே எண்ணும் கருவி ஒன்றை உருவாக்கினார். ஐபிஎம் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1938ல் அது ஐபிஎம் 805 என்ற இயந்திரமாக வந்தது. பிற்காலத்தில் கணினியின் முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவை நடத்தியவரும் அவரே. ஒரு பள்ளி ஆசிரியரின் திருத்தும் சுமையிலிருந்து தொடங்கிய வரலாறு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, குவிஸ் முடிந்த பிறகு? மதிப்பெண் பட்டியலைவிட நான் முதலில் பார்ப்பது சுருக்கப் பகுதியில் உள்ள, அதிகம் பேர் தவறிய கேள்விகள். அதற்குக் கீழே ஒவ்வொரு கேள்விக்கும், எந்த ஆப்ஷனை எத்தனை பேர் தொட்டார்கள் என்ற படம் இருக்கும். ஒரே தப்பில் பாதி வகுப்பு நின்றால், அது அந்தப் பிள்ளைகளின் பிரச்சினை இல்லை, பாடத்தை இன்னொரு விதமாக நடத்த வேண்டும் என்பதற்கான சேதி. எல்லா ஆப்ஷனிலும் சமமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் ஊகித்திருக்கிறார்கள், அல்லது கேள்வியே புரியவில்லை. வழக்கமாக நன்றாகச் செய்பவர்கள் தவறி, மற்றவர்கள் சரியாகச் செய்த கேள்வி என்றால் கேள்வியின் வாசகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், நன்றாகப் படிக்கும் பிள்ளை அதில் வேறொரு நியாயமான பொருளைக் கண்டிருக்கும். விடைகளை ஷீட்டுக்கு அனுப்பினால் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஊகத்தைப் பிரித்தறிய எனக்கு உதவும் இன்னொன்று, முக்கியமான கேள்விக்கு அடுத்து மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி: ‘இந்த விடையில் நீ எவ்வளவு உறுதியாக இருக்கிறாய்?’ உறுதி, ஓரளவு, ஊகம். தப்பாகச் சொல்லி, உறுதி என்றும் குறித்த பிள்ளையிடம்தான் நான் முதலில் போய் உட்கார்கிறேன்.

இந்தக் குவிஸ்களை ஆண்டு மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். பார்த்து எழுதுவதைத் தடுக்கும் பூட்டு முறை, பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக் மடிக்கணினியில் இயங்குவது. வீட்டுப் போனில் அதை எதிர்பார்க்க முடியாது. ஃபார்ம்ஸுக்குச் சொந்தமாக நேரக் கணக்கும் கிடையாது. ஆகவே பெரிய தேர்வுக்கு இது ஏற்ற கருவி இல்லை. நினைவுகூரும் பயிற்சிக்கு மிகப் பொருத்தம். ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். அதனால் நடத்தி முடித்த அன்றே குவிஸ் வைக்காமல் சில நாள் விட்டு வைக்கிறேன், போன மாதப் பாடத்திலிருந்தும் இரண்டு கேள்வி கலக்கிறேன். கேள்விகள் மொத்தம் பத்துக்குள். அதற்கு மேல் போனால் கடைசிக் கேள்விகளை யாரும் படிப்பதில்லை.

இணைப்பை அனுப்பும் முன், நீங்களே ஒரு பிள்ளையாக இருந்து போனில் செய்து பாருங்கள். முதல் முறை எல்லாம் சரியாக, அடுத்து எல்லாம் தப்பாக. கணினியில் அழகாகத் தெரிந்த படம் போனில் நகம் அளவு இருக்கும், கட்டக் கேள்வியின் கடைசி நிரல் திரைக்கு வெளியே போயிருக்கும். இவை செய்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த ஆண்டுக்கான வேலையும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்தத் தப்பு வரும் என்று எனக்கே தெரியாத புதிய பாடம் என்றால், முதல் ஆண்டு கேள்வியை ஆப்ஷன் இல்லாமல் சிறுவிடையாக வைத்து, பிள்ளைகள் எழுதும் தப்புகளைத் தொகுத்துக்கொள்கிறேன். அவர்கள் எழுதிய சொற்களையே மறுஆண்டு ஆப்ஷன்களாக வைக்கிறேன், நானாக யோசித்து எழுதும் எதையும்விட அவை நன்றாக வேலை செய்கின்றன. பழைய படிவத்தின் நகலை எடுத்து, யாரும் தொடாத ஆப்ஷன்களை நீக்கிவிட்டு, இவற்றைச் சேர்த்துவிட்டால் குவிஸ் தயார்.